நம் வீட்டுக் கும்பகர்ணன்

தூங்குகிறவனை எழுப்பிவிடலாம், தூங்குவதுபோல் பாசாங்கு செய்கிறவனை எழுப்ப முடியாது என்று நம் பெரியவர்கள் சொல்லுவதுண்டு. அவர்கள் காலத்தில் கம்ப்யூட்டர் என்ற வஸ்து வீடுகளுக்கு வந்து சேரவில்லை. வந்திருந்தால் மூன்றாவது ரகம் ஒன்றையும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். அதாவது, விழித்துக்கொண்டுதான் இருக்கும், விளக்கு எரியும், உள்ளே விசிறி சுழலும், ஆனால் முகத்தை மட்டும் காட்டாது. சித்திரை மாதக் கடைசியில் நம் வீட்டில் அப்படி ஒரு கும்பகர்ணன் படுத்துக்கொண்டான். அவனை எழுப்பிய கதையைத்தான் இங்கே சொல்லப் புகுந்தோம்.

இது என்ன பிரமாதம், கடையில் கொடுத்தால் ரிப்பேர் செய்து கொடுத்துவிட்டுப் போகிறார்கள் என்று நேயர்கள் நினைக்கலாம். நாமும் அப்படித்தான் நினைத்தோம். ஆனால் அந்தப் பெட்டிக்குள்ளே நம் தகப்பனாருடைய குரல் இருந்தது.

கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். நம் தகப்பனார் 2021 மே மாதத்தில் காலமானார். தமிழ்நாடு முழுவதும் ஊரடங்கு அமலில் இருந்த சமயம் அது. பூனாவில் இருக்கும் நம் தமக்கையாரால் கடைசியாக முகத்தைப் பார்க்கவும் வர முடியவில்லை. அதற்கு முந்தின வருஷத்தில் பெரும்பகுதி பள்ளிக்கூடங்கள் மூடிக் கிடந்தன அல்லவா? அப்போது நம் குமாரத்தி, பொழுது போகாமல், தாத்தாவைத் திண்ணையில் உட்கார வைத்துப் பழைய கதைகளைச் சொல்லச் சொல்லிப் பதிவு செய்து வந்தாள். மொத்தம் 31 பதிவுகள். நாகப்பட்டினத்துக்குத் தெற்கே இருந்த பூர்விகக் கிராமம், அங்கே நடந்த கல்யாணங்கள், கோர்ட்டு வரையில் போன வாய்க்கால் சண்டை, 1952 நவம்பர் 30-ந் தேதி அடித்த பெரும் புயல், எல்லாம் அவருடைய வாயாலேயே சொன்னவை. ஒவ்வொரு வருஷமும் திதியன்று மாலையில் அவற்றில் ஒன்றைப் போட்டுக் கேட்பது நம் வீட்டு வழக்கம். இந்த வருஷம் தமக்கையார் வருகிறார் என்று கடிதம் வந்திருந்தது. திதிக்குப் பத்தே நாள் இருக்கும்போது பெட்டி படுத்துக்கொண்டது.

வேறு பிரதி இல்லையா என்று நேயர்கள் கேட்பீர்கள். நம் சகதர்மிணியும் அதையேதான் கேட்டாள். "பிள்ளைகள் ரஃப் நோட்டு ஒன்று, ஃபேர் நோட்டு ஒன்று என்று இரண்டு நோட்டு வைக்காவிட்டால் வகுப்புக்கு வெளியே நிறுத்துகிறீர்களே, நீங்கள் எத்தனை நோட்டு வைத்திருந்தீர்கள்?" என்றாள். இருபது வருஷ உபாத்தியாயர் தொழிலில் இவ்வளவு சரியான கேள்வியை நம்மிடம் எந்த மாணாக்கனும் கேட்டதில்லை. பதில் சொல்லத் தெரியாமல் ஸ்விட்சை மறுபடியும் ஒரு தடவை அழுத்தினோம்.

முதல் நாள் ஸ்விட்சை அழுத்தியபோது சத்தம், வெளிச்சம், விசிறி எதுவுமே இல்லை. பூரண நிசப்தம். மேஜைக்குக் கீழே இருந்த யூபிஎஸ் பெட்டி மட்டும் பசித்த குழந்தை மாதிரி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அதற்குள் இருக்கும் பாட்டரி, மோட்டார் வண்டியின் பாட்டரிக்குத் தம்பி போன்றது. ஈயமும் அமிலமும் சேர்ந்தது. சாதாரணமாக மூன்று வருஷத்துக்குமேல் நம்ப முடியாது. நாம் ஐந்தாவது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தோம். ஆகவே, யூபிஎஸ்ஸை விலக்கிவிட்டுப் பெட்டியின் கம்பியை நேரே சுவரிலுள்ள பிளக்கில் செருகினோம். உடனே விசிறி சுழன்றது. முகப்பில் விளக்கு எரிந்தது. "ஆஹா!" என்றோம். ஆனால் திரை மட்டும் அமாவாசை இரவாகவே இருந்தது. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம் காத்திருந்தும் ஒரு பொட்டு வெளிச்சம் வரவில்லை. திரைக்கு வரும் கம்பியைக் கழற்றி மாட்டினோம். அண்டை வீட்டுக்காரருடைய திரையை இரவல் வாங்கி மாட்டினோம். அதுவும் இருண்டே கிடந்தது. திரைமேல் குற்றம் இல்லை என்று அதனால் தெரிந்தது.

அப்புறம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைத்தெருவில் ஒரு ரிப்பேர்க் கடைக்குப் போனோம். கடைக்காரர் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஸ்விட்சை ஒரு தடவை அழுத்தினார், திரையைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "மதர்போர்டு போயிடுச்சு ஸார். 2014 மாடல். இதுக்கு இனிமே போர்டு கிடைக்காது. புதுசா ஒண்ணு வாங்கிடுங்க. ஹார்ட் டிஸ்க் நல்லா இருந்தா ஃபார்மட் பண்ணி அதிலே போட்டுத் தரேன்" என்றார். இரண்டு நிமிஷத்தில் மரண தண்டனை விதித்தாகிவிட்டது.

ஃபார்மட் என்ற சொல்லை எத்தனையோ பேர் ஏதோ ஸ்நானம் செய்விப்பது போன்ற சுத்திகரணம் என்று எண்ணித் தலையாட்டிவிடுகிறார்கள். உண்மையில் அது கரும்பலகையை அழிப்பதற்குச் சமானம். நாமும் தலையை ஆட்டத்தான் போனோம். நல்ல வேளையாகக் கிளம்பும்போது நம் தாயார் வாசற்படியில் நின்று சொன்ன வார்த்தை ஞாபகத்துக்கு வந்தது. "ஏண்டாப்பா, உங்கப்பா குரல் இருக்கிற பெட்டி அது. எவன் கையிலேயும் விட்டுட்டு வந்துடாதே" என்று சொல்லியிருந்தார். பெட்டியை மறுபடியும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வீடு திரும்பினோம்.

நிற்க. கம்ப்யூட்டர் என்பது ஸ்விட்சை அழுத்தியவுடன் எப்படித்தான் விழித்துக்கொள்ளுகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால், அது விழிக்காதபோது எங்கே தடங்கல் என்று தேடுவது சுலபமாகும்.

இந்த யந்திரம் தானாக ஒன்றும் அறியாது. எதைச் செய்யவும் கட்டளை வேண்டும். கட்டளைகளோ டிஸ்க்கில் இருக்கின்றன. டிஸ்க்கிலிருந்து அவற்றை எடுத்து வா என்று சொல்லுவதற்கும் ஒரு கட்டளை வேண்டுமே, அதை யார் சொல்லுவது? தன் முதுகில் தானே ஏறிக்கொள்ளுவது போன்ற சங்கடம் இது. ஆங்கிலம் பேசுகிறவர்கள் இதையே, பூட்ஸின் வாரைப் பிடித்துத் தன்னைத் தானே தூக்கிக்கொள்ளுவது என்று வேடிக்கையாகச் சொன்னார்கள். அதிலிருந்துதான் 'பூட்' செய்வது என்ற வார்த்தையே வந்தது. 1975-ல் அமெரிக்காவில் ஆல்டெய்ர் 8800 என்ற கம்ப்யூட்டர் வந்தபோது, அந்த முதல் சில கட்டளைகளை மனிதர்களே முகப்பிலுள்ள சிறு ஸ்விட்சுகளை மேலும் கீழும் தள்ளி ஒவ்வொன்றாக உள்ளே புகுத்த வேண்டியிருந்தது. இப்போது அந்தச் சிரமம் இல்லை. பலகையிலேயே ஒரு சின்னச் சில்லுக்குள் அந்த முதற் கட்டளைகளை எழுதி வைத்துவிடுகிறார்கள். அதற்குப் பயாஸ் என்று பெயர். புதிய யந்திரங்களில் அதன் ஸ்தானத்தில் யூ.இ.எஃப்.ஐ. என்று வேறொன்று இருக்கிறது.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். பெட்டிக்குள் பின்புறமாக உள்ள எஸ்.எம்.பி.எஸ். என்ற தகரப் பெட்டி அதை வாங்கி 12, 5, 3.3 என்ற சின்னச் சின்ன வோல்ட்டுகளாகப் பிரித்துக் கொடுக்கிறது. எல்லாம் நிதானத்துக்கு வந்தபின், "மின்சாரம் சரி" என்று பலகைக்கு ஒரு சமிக்ஞை அனுப்புகிறது. இவ்வளவும் அரை விநாடிக்குள் நடந்துவிடும். அந்தச் சமிக்ஞை கிடைத்த பிறகுதான் மூளையாகிய ப்ராஸஸர் வேலையைத் தொடங்கும். தொடங்கியவுடன் அது முதல் காரியமாக வீட்டுச் சாமான்களைச் சரி பார்க்கிறது: ஞாபகசக்தியாகிய ரேம் இருக்கிறதா, படம் காட்டும் கருவி இருக்கிறதா, விசைப்பலகை இருக்கிறதா என்று. வகுப்புக்குள் நுழைந்ததும் ஆஜர்ப் பட்டியல் கூப்பிடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். இதிலே கவனிக்க வேண்டிய சங்கதி என்னவென்றால், ரேமைக் கூப்பிடும் முறை படத்துக்கு முன்னால் வருகிறது. ரேம் "உள்ளேன் ஐயா" என்று சொல்லாவிட்டால், அதற்கப்புறம் படம் வரவே வராது. ஆகையால் திரை இருண்டிருந்தால் திரை கெட்டுப்போயிற்று என்றோ, பலகை செத்துப்போயிற்று என்றோ அவசரப்பட்டு முடிவு கட்டலாகாது.

இவ்வளவையும் அன்று நாம் அறிந்திருந்தோம் என்று சொன்னால் பொய்யாகும். பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கியவர்கள்தாம். ஆனால் நம் பௌதிகம் கரும்பலகையோடு சரி. இதை நமக்குச் சொல்லிக்கொடுத்தவர் நம்முடைய பழைய மாணாக்கர் ஒருவர். 2011 முதல் தமிழ்நாட்டு அரசாங்கத்தார் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையில்லாமல் மடிக் கம்ப்யூட்டர் கொடுத்தார்கள் அல்லவா? அப்படி ஒன்றை வாங்கிய மறுவாரமே அக்கக்காகக் கழற்றிப் போட்டுவிட்டு, திரும்பப் பூட்டத் தெரியாமல் நம்மிடம் வந்து அழுத பையன் அவர். இப்போது திருச்சியில் உத்தியோகம். விடுமுறைக்கு ஊர் வந்திருந்தவரை வழியில் பார்த்து விஷயத்தைச் சொன்னோம். "போர்டு போயிடுச்சுன்னு எப்படி ஸார் சொன்னாங்க? திறந்து பார்த்தாங்களா?" என்று கேட்டார். இல்லை என்றோம். "சாயங்காலம் வரேன் ஸார்" என்றார்.

வந்தார். பெட்டியைத் தொடுவதற்கு முன்பு, "அய்யாவோட குரலுக்கு வேறே காப்பி இருக்கா ஸார்?" என்று விசாரித்தார். நாம் பேசாமல் இருந்ததிலிருந்தே தெரிந்துகொண்டார் போலும். பிளக்கை உருவிவிட்டு, பெட்டியின் ஸ்விட்சைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து, உள்ளே மிச்சமிருந்த மின்சாரத்தை வடித்தார். தகரச் சட்டத்தைக் கையால் தொட்டுக்கொண்டார். நம் உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம் சில்லுகளுக்கு ஆகாதாம். பக்கத் தகட்டைக் கழற்றியதும் முதலில் டிஸ்க்கின் இரண்டு கம்பிகளையும் பிடுங்கித் தனியாக்கினார். "பெட்டி சாகட்டும், பிழைக்கட்டும் ஸார். நாம பரீட்சை பண்றப்போ டிஸ்க் இதிலே மாட்டிக்கிட்டு இருக்க வேண்டாம்" என்றார். அந்த ஒரு காரியத்திலேயே நமக்கு அவர்மீது பூரண நம்பிக்கை ஏற்பட்டுவிட்டது.

உள்ளே பார்த்தால், அப்பப்பா! பதினோரு வருஷத்துத் தூசி, கம்பளி நெய்யலாம் போல் படிந்திருந்தது. எஸ்.எம்.பி.எஸ்.ஸுக்கும் தகரத்துக்கும் இடையே உஷ்ணமான ஒரு மூலையில் பல்லி முட்டைகள் இரண்டு! 1947 செப்டம்பரில் ஹார்வர்டு சர்வகலாசாலையின் மார்க் 2 என்ற பிரம்மாண்டமான யந்திரத்தின் ரிலே ஒன்றுக்குள் ஒரு விட்டிற்பூச்சி அகப்பட்டுக்கொண்டு அதை நிறுத்திவிட்டதையும், அந்தப் பூச்சியைக் குறிப்புப் புத்தகத்தில் ஒட்டி வைத்திருப்பதையும் மாணாக்கர்களுக்கு நாம் கதையாகச் சொல்லுவது வழக்கம். அந்தப் பெருமையில் பங்கு நமக்கும் கிடைத்ததே என்று நினைத்தோம். ஆனால் பல்லிமீது குற்றம் இல்லை. முட்டைகளை ஒரு காகிதத்தில் ஏந்தி ஜன்னல் சந்தில் வைத்துவிட்டார். வர்ணம் பூசும் தூரிகையால் தூசியைத் தட்டினார். பலகைமேல் சின்ன உருளைகளாக நிற்கும் கெப்பாஸிடர்களின் தலையைப் பார்த்தார். 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் செய்த பலகைகளில் இந்த உருளைகள் தலை உப்பி வெடித்து ஆயிரக்கணக்கான யந்திரங்களைக் கெடுத்தனவாம். நம்முடையவை மட்டமாகவே இருந்தன.

அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிதான, கறுப்பான ஒரு பொருளை எடுத்தார். அது ஒலிபெருக்கி. 1981-ல் ஐ.பி.எம். கம்பெனியார் தங்கள் முதல் பெர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, சோதனை எல்லாம் சரி என்றால் ஒரு தடவை "பீப்" என்று கூவும்படி செய்திருந்தார்கள். குறை இருந்தால் வேறு மாதிரி கூவும். அந்த வழக்கம் இன்றும் பலகைகளில் இருக்கிறது. கூவுகிற வாயை மட்டும் இப்போதெல்லாம் பெட்டியோடு கொடுப்பதில்லை. அவர் அந்த வாயைப் பலகையிலுள்ள ஊசிகளில் மாட்டினார். பிறகு, நாம் சற்றும் எதிர்பாராத ஒரு காரியம் செய்தார். ரேம் துண்டுகள் இரண்டையும் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு, ஒரு ரேமும் இல்லாமல் ஸ்விட்சைப் போட்டார்.

"பீ...ப்! பீ...ப்! பீ...ப்!" என்று நீளநீளமாக யந்திரம் அலறிற்று.

அவர் முகம் மலர்ந்தது. நமக்கோ வயிற்றைக் கலக்கிற்று. "என்னப்பா, இப்படிக் கத்துகிறதே?" என்றோம்.

"கத்தட்டும் ஸார்! ரேம் இல்லேன்னு புகார் சொல்லுது. புகார் சொல்லணும்னா மூளை வேலை செய்யணும், பயாஸ் வேலை செய்யணும், மின்சாரம் ஒழுங்கா வரணும். செத்த போர்டு எப்படி ஸார் புகார் சொல்லும்?"

எவ்வளவு எளிமையான தர்க்கம், பாருங்கள்! ஆஜர் கூப்பிடும் உபாத்தியாயர் உயிரோடு இருக்கிறார். பையன்தான் வாயைத் திறக்கவில்லை. கடைத்தெருவில் இரண்டு நிமிஷத்தில் விதித்த மரண தண்டனை, நம் வீட்டுக் கூடத்தில் மூன்று கூவலில் ரத்தாகிவிட்டது.

சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த நம் தாயார், "என்னதாண்டா கோளாறாம்?" என்று கேட்டார். "ரேம் சரியாக உட்காரவில்லையாம், அம்மா" என்றோம். "ராம்னு பேரை வச்சுண்டுமா இப்படிப் படுத்தறது!" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

ரேம் துண்டின் விளிம்பில் பொன்முலாம் பூசிய சிறு பற்கள் வரிசையாக இருக்கின்றன. அந்தப் பற்கள் பலகையின் பள்ளத்திலுள்ள பற்களைத் தொட்டால்தான் பேச்சு நடக்கும். தூசி, ஈரக் காற்று, சமையலறைப் புகை இவை சேர்ந்து அவற்றின்மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலத்தைப் பூசிவிடுகின்றன. போதாததற்குக் கோடை உஷ்ணத்தில் விரிவதும் இரவில் சுருங்குவதுமாகத் துண்டு மயிரிழையளவு நகர்ந்தும் போகிறது. இதற்கு வைத்தியம் பள்ளிக்கூடத்து ரப்பர்! பென்சில் எழுத்தை அழிக்கும் மிருதுவான வெள்ளை ரப்பர். பேனா எழுத்தை அழிக்கும் சொரசொரப்பான ரப்பர் உதவாது, முலாம் போய்விடும். நம் குமாரத்தியின் ஜியாமெட்ரிப் பெட்டியிலிருந்து ஒன்றை வாங்கி, விளிம்பை இரு பக்கமும் மெதுவாகத் தேய்த்து, துகளை ஊதாமல் தூரிகையால் துடைத்தார். ஊதினால் எச்சிலின் ஈரம் படியுமாம். ஒரே ஒரு துண்டை மட்டும் பள்ளத்தில் வைத்து, இரண்டு ஓரங்களிலும் "க்ளிக்" என்று கேட்கும்வரையில் அழுத்தினார். இரண்டையும் ஒரே சமயத்தில் வைத்தால் எது குற்றவாளி என்று தெரியாதல்லவா?

ஸ்விட்ச். ஒரு விநாடி, இரண்டு விநாடி, "பீப்" என்று ஒரே ஒரு குட்டைக் கூவல். திரையில் வெள்ளை எழுத்துக்கள்!

எழுத்துக்கள் வந்தனவே தவிர, அவை நல்ல செய்தியைச் சொல்லவில்லை. கடிகாரமும் ஏற்பாடுகளும் மறந்துபோயின என்று யந்திரம் முறையிட்டது; தேதி 2014 ஜனவரி 1 என்று காட்டிற்று. இதற்குக் காரணம், பலகையில் பதித்திருக்கும் நாணயம் போன்ற சின்ன பாட்டரி. பெட்டி அணைந்திருக்கும்போதும் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். 3 வோல்ட், அதன் பெயர் சி.ஆர். 2032. இந்த எண்ணில் ரகசியம் ஒன்றும் இல்லை: 20 மில்லிமீட்டர் குறுக்களவு, 3.2 மில்லிமீட்டர் கனம். கைக்கடிகாரக் கடையில்கூடக் கிடைக்கிறது. இது தீர்ந்துபோனால் பெரும்பாலும் தேதியும் ஏற்பாடுகளும்தான் மறக்குமே ஒழிய, பெட்டி படுத்துவிடாது. நம் வீட்டில் இரண்டு வியாதியும் ஒரே சமயத்தில் வந்திருந்தன.

நம் குமாரத்தி அந்தத் தேதியை உரக்கப் படித்தாள். கூடத்துக்கு வந்து நின்ற நம் தாயார் சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்போ உங்க தாத்தா இருந்தார்" என்றார். அதற்குமேல் அன்றைக்கு யாரும் அதிகம் பேசவில்லை.

இங்கே கதையைச் சற்று நிறுத்திவிட்டு, மற்ற வீடுகளுக்கு உபயோகமாகச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறோம். பெட்டி முழு நிசப்தமாக இருந்தால் மின்சாரத்தின் வழியைத் தேடுங்கள்: சுவர்ப் பிளக், யூபிஎஸ், கம்பி, பெட்டியின் முதுகிலுள்ள சின்ன ஸ்விட்ச், கடைசியில் எஸ்.எம்.பி.எஸ். விசிறி சுழன்று திரை இருண்டிருந்தால் நாம் மேலே சொன்ன மார்க்கம். கம்பெனி முத்திரையும் எழுத்துக்களும் வந்தபின் நின்றால், பலகை பிழைத்தது; டிஸ்க்கையோ அதிலுள்ள விண்டோஸையோ சந்தேகியுங்கள். மடிக் கம்ப்யூட்டராக இருந்தால் சார்ஜரையும், வெளியே இணைத்த மற்றவற்றையும் பிடுங்கிவிட்டு, ஸ்விட்சை அரை நிமிஷம் அழுத்திப் பிடித்து விட்டுப் பிறகு போட்டுப் பார்க்கலாம். பல சமயங்களில் அதுவே போதும். அதன் திரை இருண்டிருந்தால் பக்கவாட்டில் டார்ச் விளக்கை அடித்துப் பாருங்கள். மங்கலாக உருவம் தெரிந்தால் யந்திரம் விழித்துத்தான் இருக்கிறது, திரைக்குப் பின்னாலுள்ள விளக்குத்தான் அணைந்துவிட்டது என்று அர்த்தம். எதுவாயினும் எஸ்.எம்.பி.எஸ். தகரப் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்க வேண்டாம். அதற்குள் மின்சாரம் 325 வோல்ட் வரையில் தேங்கி நிற்கும். பிளக்கை உருவிய பிறகும் சற்று நேரம் நிற்கும். உயிருக்கு ஆபத்து. அது கெட்டால் முழுசாக மாற்றிவிடுவதே முறை.

மறுநாள் மாலையில் நம் மாணாக்கர், டிஸ்க்கை வெளியிலிருந்தே இணைக்கும் ஒரு கம்பியும் தம்முடைய மடிக் கம்ப்யூட்டருமாக வந்தார். டிஸ்க்கைத் தலையணைமேல் வைத்து, காதை அதனருகில் வைத்துக் கேட்டார். உள்ளே வட்டத் தட்டு நிமிஷத்துக்கு 7,200 தடவை சுழலுகிறது. அதைப் படிக்கும் ஊசித்தலை தட்டைத் தொடாமல், ஒரு தூசியின் பருமனைவிடக் குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. அது தட்டிலே உரசிவிட்டால் எழுத்து எழுத்தாக வழித்துக்கொண்டு போய்விடும். "டக், டக் என்று சத்தம் வந்தால் உடனே நிறுத்திடுவேன் ஸார். அப்புறம் அதைத் தொடவே கூடாது. அதுக்குன்னு இருக்கிறவங்ககிட்டே கொடுத்திடணும்" என்று முன்கூட்டியே சொன்னார். சத்தம் வரவில்லை. பெட்டிகளின் பட்டியல் திரையில் வந்தது. 'தாத்தா' என்று குமாரத்தி பெயரிட்டிருந்த பெட்டியைத்தான் முதலில் பிரதி செய்யச் சொன்னோம்.

1, 2, 3 என்று ஏறிக்கொண்டே போயிற்று. 18-ல் நின்றது. கால் மணி நேரம் ஊசித்தலை அந்த இடத்திலேயே திணறிற்று. படிக்க முடியவில்லை என்று செய்தி வந்தது. அதைத் தாண்டி மேலே போகச் செய்தார். 19-ம் அப்படியே. பிறகு 31 வரையில் தடங்கலில்லை. ஆக, 29 பதிவுகள் பிழைத்தன, இரண்டு போயின. இரவு பத்து மணிவரையில் வெவ்வேறு உபாயங்களால் முயன்று பார்த்தார். தட்டின் அந்தப் பாகமே நசித்துவிட்டிருந்தது.

அந்த இரண்டும் புயல் கதை.

அதற்குப் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். புது பாட்டரி போட்டு, இரண்டாவது ரேமையும் தேய்த்து வைத்து, டிஸ்க்கைப் பெட்டியில் மாட்டினால், "தட்டை எடுத்துவிட்டு விசையை அழுத்து" என்று ஏதோ புரியாத உத்தரவு வந்தது. அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்ட பிறகு, பெட்டியின் முதுகில் என்றோ நம் சகதர்மிணி பாட்டுக் கேட்பதற்காகச் செருகிய பென் டிரைவ் ஒன்று இருப்பதைக் குமாரத்திதான் கண்டுபிடித்தாள். மறதியில் யந்திரம் பழைய வரிசையை விட்டுவிட்டு, டிஸ்க்குக்கு முன்னால் அதனிடம் போய்க் கட்டளை கேட்டுக்கொண்டிருந்ததாம்! பிடுங்கியதும் விண்டோஸ் வந்தது. ஒரு தடவை நசிக்கத் தொடங்கிய டிஸ்க்கை நம்பலாகாது என்று அதை ஓய்வுக்கு அனுப்பிவிட்டு, சுழலும் தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கிப் போட்டோம். 29 பதிவுகளும் இப்போது அதிலும், தனி டிஸ்க் ஒன்றிலும், பூனாவில் தமக்கையார் வீட்டிலும் இருக்கின்றன. மாணாக்கர் பணம் வாங்க மறுத்துவிட்டார். நம் தாயார் கொடுத்த அதிரசத்தை மட்டும் மறுக்கவில்லை.

திதியன்று மாலையில் தமக்கையார் கல்யாணக் கதை ஒன்றைப் போடச் சொல்லிக் கேட்டார். தகப்பனார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்ததுமே அவர் கண்ணில் ஜலம் வந்துவிட்டது. முடிந்ததும் புயல் கதையைக் கேட்டார். சிறுபிராயத்தில் அவரை மடியில் வைத்துக்கொண்டு தகப்பனார் அடிக்கடி சொன்ன கதை அது. அது போய்விட்டது என்று எப்படிச் சொல்லுவது என்று நாம் விழித்துக்கொண்டிருந்தோம்.

நம் தாயார் ஊஞ்சலிலிருந்து இறங்கி வந்து கீழே உட்கார்ந்தார். தகப்பனாருக்கு அவர் அத்தை மகள். புயல் அடித்த அன்று எட்டு வயதுச் சிறுமியாக அதே வீட்டில் இருந்தவர். இத்தனை வருஷங்களில் அவர் அந்தக் கதையைச் சொல்லி நாங்கள் ஒருவரும் கேட்டதில்லை.

"போனா போகட்டும்டீ. உங்கப்பா சொன்னதிலே பாதி சரடு. மாட்டுக் கொட்டகைக் கூரை பறந்தப்போ கன்னுக்குட்டியை அவர் போய் அவுத்துவிட்டதாச் சொல்லுவாரே, அவர் எங்கே போனார்? நெல்லுக் குதிருக்குப் பின்னாலே உட்கார்ந்து அழுதுண்டிருந்தார். அவுத்துவிட்டது நான்" என்றார்.

குமாரத்தி ஓசைப்படாமல் டெலிபோனை எடுத்து, பதிவு செய்யும் பொத்தானை அழுத்திப் பாட்டியின் பக்கத்தில் வைத்தாள்.